சுவரைப் பார்த்து நிற்கும் கன்றுகள்

வேல்ஸ்
9 பெப்ரவரி 2025

அன்புத் தங்கச்சி பியற்றிஸுக்கு,

அந்தோனியார் புண்ணியத்தில் நானும் உன் அண்ணி றோஸ்மலரும் நடமாடித் திரிகிறோம். உன் இருமல் விட்டதா? இந்தப் பள்ளத்தாக்கில் போன் பிடிக்காது. பிடித்தாலும் என் காதுக்கு எட்டாது. நீ ஒன்றைச் சொல்ல நான் "என்ன, என்ன?" என்று கேட்பதைவிடக் கடதாசியே மேல்.

ஒரு யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன். நோர்பரிக் கடையை விற்றுவிட்டு இறைச்சி மாடு வளர்க்க வந்து ஆறு வருடமாகிறது. இருபத்திரண்டு பசுக்கள் நிற்கின்றன. லண்டன் தமிழ்க் கடைகள் நல்ல இறைச்சி கேட்கின்றன, என் கன்றுகளோ நோஞ்சான்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அதனால் போன ஆனியில் மூன்று பசுக்களுக்கு மட்டும் விலை கூடிய காளையின் விந்தில் சினை ஊசி போட்டேன். மூன்றும் தங்கிவிட்டன. அடுத்த மாதம் கன்று போடும். அந்தக் காளை ஹெக்டர், இந்தக் காணியின் சொந்தக்காரி மிஸஸ் றீஸின் புருசன் வளர்த்தது. 1999இல் செத்துவிட்டது. விந்து மட்டும் சின்னச் சின்னக் குழாய்களில் உறைந்து கிடக்கிறது. மிச்சம் முப்பது குழாய். மனிசி ஆனிக்குள் அத்தனையையும் சேர்த்து விற்கப் பார்க்கிறா. ஒன்று நூற்று நாற்பது பவுண். சாதாரணக் காளையின் குழாய் இருபதுதான்.

நீ ஆஸ்பத்திரி லாப்பில் வேலை செய்கிறவள். இருபத்தாறு வருடம் உறைந்து கிடந்ததை நம்பலாமா? வாங்கலாமா, விடலாமா?

அண்ணி உனக்கு மீன் தூள் அனுப்புவா.

அன்பு அண்ணை,
சூசைதாசன்

*

நோர்பரி, லண்டன்
20 பெப்ரவரி 2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதம் கண்டு ஆறுதல். இருமல் போய்விட்டது. முழங்கால் மட்டும் படியேறும்போது கதைக்கிறது. அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உறைந்தது பழுதாகாது. திரவ நைதரசன் குளிரில் காலம் நகராது, அண்ணை. நேற்று வைத்ததும் இருபத்தாறு வருடத்துக்கு முன் வைத்ததும் ஒன்றுதான். இடையில் ஒரு நாளாவது தாங்கியில் நைதரசன் வற்றியதா என்று மட்டும் கேளுங்கள்.

விலைக்கு வருகிறேன். மூன்றும் தங்கியது உங்கள் அதிர்ஷ்டம். பொதுவாக இரண்டு குழாய்க்கு ஒரு கன்று என்று வையுங்கள். ஒவ்வொரு கன்றுக்கும் இருநூற்று நாற்பது பவுண் கூடச் செலவு. விற்கும்போது அறுபது எழுபது கிலோ கூட நின்றால்தான் போட்ட காசு மீளும். ஆகவே மூன்று கன்றும் பிறக்கட்டும். நிறுத்துப் பாருங்கள். அவசரப்பட வேண்டாம்.

ஒன்று கேட்க வேண்டும். செத்த காளையின் கன்று அந்தக் காளையைப் போலவே இருக்குமா? நிறத்தைச் சொல்லவில்லை. நடை, குணம், பார்வை. மிஸஸ் றீஸுக்கு அதை நினைவிருக்கும்தானே. கேட்டு எழுதுங்கள்.

அன்புத் தங்கை,
பியற்றிஸ்

*

(ஆங்கிலத்தில் வந்த கடிதம். பியற்றிஸ் தன் கொப்பியில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டது.)

லண்டன்
3 மார்ச் 2025

மதிப்புக்குரிய திருமதி பியற்றிஸ் றூபன் அவர்களுக்கு,

காலஞ்சென்ற உங்கள் கணவர் றூபன் அவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் எங்கள் கருத்தரிப்பு நிலையத்தில் சேமித்த மூன்று விந்துக் குழாய்கள் பற்றி எழுதுகிறோம். தம் மறைவுக்குப் பின் அவற்றை நீங்கள் பயன்படுத்தலாம் என்று அவர் கையெழுத்திட்ட சம்மதம் இவ்வருட இறுதியுடன் முடிவடைகிறது. அதற்குள் உங்கள் விருப்பத்தை அறியத் தரவும். பயன்படுத்த விரும்பாவிடின் அவை முறைப்படி அகற்றப்படும்.

உங்கள் வயதைக் கருதி, விரைவில் முடிவெடுப்பது நன்று.

*

வேல்ஸ்
27 மார்ச் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

தவக்காலத்தில் மச்சம் மாமிசம் இல்லாமல் அண்ணி என்னைக் காயப்போடுகிறா. மற்றப்படி சுகம். உன் முழங்காலுக்கு நல்லெண்ணெய் தேய்.

மூன்று கன்றும் பிறந்துவிட்டன. 12, 14, 15ஆம் திகதிகளில். மூன்றும் நாம்பன், பசுக்கன்று ஒன்றும் இல்லை. கயிறு போட்டு இழுக்கத் தேவையில்லை, வழுக்கிக்கொண்டு வந்தன. மை போலக் கறுப்பு. ஒவ்வொன்றும் நாற்பத்திரண்டு கிலோ. மூன்றும் ஒரே எடை. தராசு பழுது என்று நினைத்து நானே ஏறி நின்று பார்த்தேன். தராசு சரி, நான்தான் கூடிவிட்டேன்.

ஆனால் ஒரு கரைச்சல். மூன்று தாயும் கன்றைக் கிட்ட விடவில்லை. பிறந்த உடனே நக்கப் போய், மணந்து பார்த்து, பின்னால் நகர்ந்து போயின. ஒரு பசு ஒதுக்குவது நடக்கிற காரியம். மூன்றும் ஒதுக்கி நான் கண்டதில்லை. அண்ணி புட்டியில் பால் கொடுக்கிறா.

இன்னொன்று. பின்னேரம் ஆறு மணிக்கு மூன்றும் மேற்கு மூலைக்குப் போய்க் கல்லுச் சுவரைப் பார்த்து வரிசையாய் நிற்கின்றன. அங்கே புல் இல்லை, தண்ணீர் இல்லை. ஒரு மணித்தியாலம் அசையாமல் நின்றுவிட்டுத் திரும்பி வருகின்றன. முதல் கன்று நடக்கத் தொடங்கிய நாளில் இருந்து இதே வேலை. "சுவருக்குள்ள என்ன கிடக்குது?" என்று அண்ணி கேட்கிறா. எனக்கென்ன தெரியும்?

உன் கேள்வியை மிஸஸ் றீஸிடம் கேட்கவில்லை. நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னா.

அண்ணை

*

நோர்பரி
2 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

நல்லெண்ணெய் வேலை செய்கிறது. அண்ணியின் மீன் தூள் வந்து சேர்ந்தது. மணத்தில் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினாள்.

உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். அந்தச் சுவரில் முன்பு ஏதாவது இருந்ததா என்று மிஸஸ் றீஸிடம் கட்டாயம் கேளுங்கள். கன்றுகளை மறிக்காதீர்கள். மனிசி வரும்போது அவை அவவை அடையாளம் காண்கின்றனவா என்று பாருங்கள். வேறு யாருக்கும் செய்யாத ஏதாவது செய்கின்றனவா? எனக்கு உடனே எழுதுங்கள்.

எடையும் எழுதுங்கள்.

பியற்றிஸ்

*

வேல்ஸ்
29 ஏப்ரல் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்துக் கிடைத்தது. நாங்கள் சுகம் என்று எழுத வேண்டும். உடம்பு சுகம்தான்.

முதலில் எடை. புட்டிப்பால் குடித்தே மூன்றும் மற்றக் கன்றுகளை மிஞ்சி நிற்கின்றன. இப்படியே போனால் நீ சொன்ன எழுபது கிலோ என்ன, நூறு கிலோ கூட நிற்கும். கணக்குப்படி கண்ணை மூடிக்கொண்டு முப்பது குழாயையும் வாங்க வேண்டும்.

மிஸஸ் றீஸ் பெரிய வெள்ளிக்கு மறுநாள் வந்தா. எண்பது வயது மனிசி, தடி ஊன்றி வரம்பால் நடந்து வந்தா. அப்போது ஆறு மணி. கன்றுகள் சுவரைப் பார்த்து நின்றன. மனிசியின் முகம் வெளிறிவிட்டது. அந்த இடத்தில்தான் பழைய படலை, ஆள் போய்வரும் கதவு, இருந்ததாம். ஆறு மணிக்கு அவவின் புருசன் அந்தப் படலையால் அதற்குத் தின்னப் பாண் துண்டோடு வருவாராம். ஹெக்டர் அங்கேதான் காத்து நிற்குமாம். காளை செத்த வருடமே படலையைக் கழற்றிக் கல் வைத்து அடைத்துவிட்டார்களாம். எனக்கு இது தெரியாது, பியற்றிஸ். என் பசுக்களுக்கும் தெரியாது.

மனிசி மெல்ல "ஹெக்டர்" என்றா. மூன்று தலையும் ஒன்றாகத் திரும்பின. ஒன்றாக என்றால், ஒரே கயிற்றில் இழுத்தது மாதிரி.

சட்டைப் பையில் இருந்து பாண் எடுத்துக் கொடுத்தா. ஐந்து கிழமைக் கன்று பாண் தின்னுமா? தின்றன. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் வருகிறா. இப்போது கன்றுகளோடு செத்துப்போன தன் புருசனைப் பற்றியும் கதைக்கிறா. அவர் எப்போது வருவார் என்று கேட்கிறா. நேற்று நான் சாக்குப்போக்குச் சொல்லிக் கிட்டப் போனேன். ஒரு கன்று என்னைத் திரும்பிப் பார்த்தது. வேலைக்காரனைப் பார்க்கிற பார்வை.

இந்த மூன்றையும் எனக்குப் பிடிக்கவில்லை. பயம் என்று சொல்ல வெட்கம், ஆனாலும் அதுதான்.

அண்ணை

*

நோர்பரி
6 மே 2025

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் சுகமாய் இருக்க மன்றாடுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் நெடுநாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிடுகிறேன்.

வாங்குங்கள். முப்பதையும் வாங்குங்கள். பாதிக் காசு நான் தருகிறேன்.

பயப்பட என்ன இருக்கிறது? ஒரு கிழவி இருபத்தாறு வருடம் கழித்துக் கூப்பிட்டா, கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதானே. வருகிறதை வேலி போட்டு மறிப்பதா? தாய் ஒதுக்கினால் ஒதுக்கட்டும். தனக்குரிய ஆளை அது அடையாளம் கண்டுவிட்டதே. அந்த மனிசிக்கு அது எவ்வளவு பெரிய விசயம் என்று உங்களுக்கு விளங்காது. அண்ணி உங்களோடு இருக்கிறா.

கோபத்தில் எழுதவில்லை.

பியற்றிஸ்

*

வேல்ஸ்
8 ஜூன் 2025

என் அன்புத் தங்கச்சிக்கு,

காற்றும் மழையும் ஓய்ந்து இன்றுதான் வெயில். அண்ணி சுகம். நீ சுகமாய் இருக்கிறாயா என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். மே நடுப்பகுதியில் பிந்திப் பிறந்த ஒரு கன்று செத்தது. ஊரில் செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோல் திணித்துப் பசுவுக்குக் காட்டிப் பால் கறப்போமே. இங்கே அந்தத் தோலை உரித்துத் தாயில்லாத கன்றின் முதுகில் கட்டிவிடுவார்கள். தாய்ப்பசு மணத்தை நம்பிப் பால் கொடுக்கும். அப்படி ஹெக்டரின் முதல் கன்றுக்குக் கட்டினோம். வளர்ந்த கன்று, தோல் பாதி முதுகுக்குத்தான் எட்டியது. பசு மணந்தது, நக்கியது, குடிக்க விட்டது. அண்ணி பக்கத்தில் இருந்து, "வா புதன், குடி புதன்" என்று தடவிக்கொண்டே இருந்தா. புதன்கிழமை பிறந்ததாம், அதனால் புதன்.

அன்று ஆறு மணிக்கு இரண்டு கன்றுதான் சுவருக்குப் போயின. நாலாம் நாள் தோலை அவிழ்த்தோம். அது தன் கன்று இல்லை என்று அந்தப் பசுவுக்கு அப்போது தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டும் அதை ஒதுக்கவில்லை. மற்ற இரண்டுக்கும் கட்டத் தோல் இல்லை. அண்ணி "வெள்ளி", "சனி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பசுக்களோடு பழக்கினா. "சனியன் எண்டு ஏன் வைச்சனி?" என்றேன். "சனியிலதானே பிறந்தது, அது என்ர பிழையே?" என்றா. பத்து நாளில் அவையும் சுவரை மறந்துவிட்டன.

மிஸஸ் றீஸ் வந்து "ஹெக்டர்" என்று கூப்பிட்டா. ஒன்றும் திரும்பவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டா. கன்றுகள் துள்ளி விளையாடிக்கொண்டிருந்தன. மனிசி பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதது என் கண்ணைவிட்டுப் போகவில்லை. செத்தது திரும்பி வரவில்லை, பிள்ளை. செத்ததின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு இருந்தபடியால் அந்தக் கன்றுகளுக்குத் தாங்கள் யார் என்று தெரியாமல் போனது. பிழை எங்களிலும்தான். மனிசி பாவம் என்று கூப்பிட விட்டுவிட்டோம்.

ஆகவே நான் வாங்கவில்லை. எடை பொன்னாய் நின்றாலும், தாய் ஒதுக்குகிற கன்று ஒவ்வொன்றுக்கும் ஒரு றோஸ்மலர் வேண்டும். முப்பது றோஸ்மலருக்கு நான் எங்கே போக? ஒன்றையே சமாளிக்க முடியவில்லை.

இப்போது நீ சொல். நீ இதுவரை கேட்டது மாட்டைப் பற்றியா?

அண்ணை

*

வேல்ஸ்
17 ஆகஸ்ட் 2025

பியற்றிஸ்,

இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. மலைக்கு மேலே ஏறி நின்று போன் எடுத்தேன், நீ எடுக்கவில்லை. அண்ணி ஒவ்வொரு நாளும் தபால்காரனைப் பார்த்து நிற்கிறா. சுகம் என்று ஒரு சொல் எழுது. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

அண்ணை

*

நோர்பரி
24 ஒக்ரோபர் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்களையும் அண்ணியையும் நோகவைத்துவிட்டேன். மன்னியுங்கள். சுகம் என்று எழுதினால் பொய், சுகமில்லை என்று எழுதினாலும் பொய். அதனால்தான் எழுதவில்லை.

மாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. றூபனைப் பற்றித்தான் கேட்டேன். அவரும் மூன்று குழாயை விட்டுவிட்டுத்தான் போனார். பத்து வருடம் யாருக்கும் சொல்லவில்லை. சுவாமியாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும். ஜூன் ஐந்தாம் திகதி கருத்தரிப்புச் சிகிச்சை செய்தேன். உங்கள் கடிதம் பதினோராம் திகதி வந்தது. இப்போது ஐந்து மாதம்.

நான் பிள்ளைக்கு ஆசைப்படவில்லை, அண்ணை. அவர் திரும்பி வர ஆசைப்பட்டேன். முதல் நாளில் இருந்து வயிற்றைத் தடவி றூபன், றூபன் என்றுதான் கூப்பிட்டேன். செத்த தகப்பனின் பெயரை மகனுக்கு வைப்பது எங்கள் வழக்கம்தானே என்று எனக்கே நியாயமும் சொன்னேன்.

ஆகஸ்டில் அது தொடங்கியது. வேலையால் வந்து குசினியில் நிற்பேன். பிறகு பார்த்தால் லண்டன் றோட்டில் டயனாவின் பலசரக்குக் கடைக்குப் பக்கத்துச் சந்தில், சுவரைப் பார்த்து நிற்பேன். கால் செருப்பைப் போட்டது, படியிறங்கியது, றோட்டைக் கடந்தது, எதுவும் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் ஐந்தே முக்காலுக்கு. எனக்கு அந்தச் சந்தில் ஒரு வேலையும் இல்லை. முன்பு ஒரு நாளும் நின்றதில்லை.

போன கிழமை டயனா வெளியே வந்து என்னைப் பார்த்துப் பயந்துவிட்டா. "அக்கா, உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டா. "என்னத்தை?" என்றேன். "றூபன் அண்ணை உதில நிண்டுதான் சிகரெட் பத்துறவர். அக்காவுக்குச் சொல்லிப்போடாதை எண்டு கெஞ்சினவர். கான்சர் வருத்தம் வந்த பிறகும் வந்தவர்."

சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று என்னிடம் மாதா மேல் சத்தியம் பண்ணிய மனிதர். பத்து வருடத்துக்குப் பிறகு பிடிபட்டார். சிரிப்பும் வந்தது. பிறகு கடை வாசலில் குந்திவிட்டேன். இது என் நினைவு இல்லை, அண்ணை. எனக்குத் தெரியாத ஒன்றை என் கால் எப்படி அறிந்தது?

நேற்று ஸ்கேன். பெண் பிள்ளை என்றார்கள். அதைக் கேட்டதும் எனக்கு வந்தது ஏமாற்றம். என் சொந்தப் பிள்ளையை மணந்து பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன், உங்கள் பசுவைப் போல. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் தாய்மாமன். நீங்கள் ஒரு பெயர் வையுங்கள். எனக்கு வாயில் வேறு பெயர் வரவில்லை. கெதியாய் எழுதுங்கள்.

பியற்றிஸ்

*

வேல்ஸ்
29 ஒக்ரோபர் 2025

என் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை அண்ணி வாசித்தா, நான் கேட்டேன். கண்ணாடி எனக்கு நனைந்துவிட்டது. ஏசுவதற்கு நிறைய இருக்கிறது, பிள்ளை பிறந்த பிறகு வட்டியோடு ஏசுகிறேன்.

இரண்டு நாள் யோசித்தோம். அண்ணி எங்கள் அம்மாவின் பெயரைச் சொன்னா, நான் விடவில்லை. புனிதர்களான அர்ச்சிஷ்டவர்களின் பெயரும் வேண்டாம், அவர்கள் கோவிக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்திலும் றூபன் பக்கத்திலும், செத்தவரிலும் இருப்பவரிலும், ஒருவருக்கும் இல்லாத பெயர் வேண்டும் என்று தேடினோம்.

துஷ்யா.

அவ்வளவுதான். பஸ்ஸிலும் சொல், வேலையிலும் சொல். உனக்குப் பைத்தியம் என்று சனம் சொன்னால் சொல்லட்டும். மற்றப் பெயரை அவளைப் பார்த்து இனி ஒரு தரமும் சொல்லாதே. பன்னிரண்டாம் திகதி அண்ணி ரயிலில் வருகிறா. இலேசில் திரும்பமாட்டா. இனித் தாய் ஒதுக்குகிற கன்று வந்தாலும் புட்டிப்பால் கொடுக்க நானே பழகிவிட்டேன்.

மாமன்,
சூசைதாசன்

*

நோர்பரி
9 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

பெயர் வந்து சேர்ந்தது. முதலில் வாய் கூசியது. ஊர் பெயர் தெரியாத ஆரோ ஒருத்தியை வீட்டுக்குள் கூப்பிடுவது போல இருந்தது. இருந்தும் சொன்னேன். பல் தீட்டும்போது சொன்னேன். லாப்பில் இரத்தக் குழாய்களை அடுக்கும்போது சொன்னேன். துஷ்யா, இது குளிர்பெட்டி. துஷ்யா, இது ஐம்பதாம் நம்பர் பஸ். துஷ்யா, அம்மாவுக்குப் பசிக்குது.

ஐந்தாம் நாள் பின்னேரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மணிக்கூட்டைப் பார்த்தபோது ஆறரை. நான் குசினியில்தான் நின்றேன். கால் எங்கும் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை.

நேற்று நானாகப் போனேன். மறைக்க மாட்டேன், அவரைத் தேடித்தான் போனேன். செருப்பைப் போட்டது தெரிந்தது, படிகளை எண்ணினேன், றோட்டில் காருக்கு விலகினேன். அந்தச் சந்தில் நின்று றூபன் என்று சத்தமாகக் கூப்பிட்டேன். பழைய செங்கல் சுவர், ஒரு குப்பைத் தொட்டி. வேறு ஒன்றும் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன்.

அவர் செத்த அன்று இவ்வளவு அழவில்லை, அண்ணை. அன்று எனக்குள் ஒரு மூலையில், மூன்று குழாய் இருக்கிறது, முழுதாகப் போகவில்லை என்று ஒரு கள்ளத் தைரியம் இருந்தது. பத்து வருடம் அதை வைத்துத்தான் வேலைக்குப் போனேன், சமைத்தேன், சிரித்தேன். நேற்று அந்தச் சுவருக்கு முன்னால்தான் என் புருசன் செத்தார். மிஸஸ் றீஸைக் கண்டால் நான் அழுததாகச் சொல்லுங்கள். அவவுக்கு விளங்கும்.

அழுதுகொண்டு நின்றபோது வயிற்றுக்குள் ஒரு உதை. நல்ல பலமான உதை. டயனா எட்டிப் பார்த்து, "அக்கா, மழை வருது, உள்ள வாங்கோ" என்றா. இல்லை, பிள்ளைக்குக் குளிரும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

அண்ணியை ஸ்டேசனில் வந்து கூட்டிப் போகிறேன். மீன் தூள் கொண்டுவரச் சொல்லுங்கள். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம்.

பியற்றிஸ்